அவசரக் கருத்தடையும் நம்பகத்தன்மை என்னும் எண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அவசரகாலக் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் ஓர் எண் உடன்வருகின்றது. 75 விழுக்காடு என்பர், 85 என்பர், 95 என்போரும் உளர். அவ்வெண் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது என வினவுவோர் அரியர். 85 விழுக்காடு என்றவுடன், மாத்திரையை உட்கொண்ட நூறு பெண்களுள் 15 பேர் கருவுறுவர் எனப் பொருள் கொள்வது இயல்பாக உள்ளது. கற்றோரும் அவ்வாறே கொள்கின்றனர். ஆனால் அப்பொருள் பிழையானது. அவ்வெண்ணை முதன்முதலில் கணித்தவர்கள் அப்பொருளில் அதனை ஒருபோதும் வழங்கவில்லை. அந்த எண் எவ்வாறு உருவாயிற்று, எவ்வெவ் இடங்களில் திருத்தம் பெற்றது, இந்தியாவிற்கு வந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சொல்லும் பொருளும்

'கருத்தடை' என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. சுயமரியாதை இயக்கத்தார் எழுத்துகளில் 'கர்ப்பத்தடை' என்றும் 'கர்ப்ப ஆட்சி' என்றும் சொற்கள் வழங்கின. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் கர்ப்பத்தடை குறித்துத் தனியே எழுதியுள்ளார். பிறர் அதனை வறுமை, உடல்நலம், மக்கட்பெருக்கம் ஆகியவற்றின் பொருட்டு வேண்டினர் என்றும், தாம் பெண்ணின் விடுதலை பொருட்டு வேண்டுவதாகவும் அவர் வேறுபடுத்திக் காட்டியமை இத்துறை ஆய்வாளர் அறிந்ததே. 'ஆட்சி' என்ற சொல்லில் ஆள்பவள் ஒருத்தி இருக்கின்றாள். 'தடை'யில் அவளைக் காணோம். பின்னது நிலைபெற்றமை ஒரு வகையில் இழப்பே எனலாம்.

'அவசர' என்னும் அடைமொழி இந்தியாவில் வேறொரு நினைவையும் எழுப்பக்கூடியது. 1975 முதல் 1977 வரை நிலவிய அவசரநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுட் பல வற்புறுத்தலால் நிகழ்ந்தவை. அதன்பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற துறைப்பெயரே 'குடும்ப நலம்' என மாற்றப்பட்டது. எனினும் ஈண்டு ஆராயப்படும் 'அவசரம்' அரசினுடையது அன்று. அது ஒரு பெண்ணின் சில நாள்களுக்குரிய அவசரம்.

இம்மாத்திரைக்கு மக்கள் வழக்கில் ஏற்பட்டுள்ள பெருங்கேடு, அதனைக் கருக்கலைப்பு மாத்திரை எனக் கூறுவதாகும். கருக்கலைப்பு என்பது கருப்பையில் பதிந்துவிட்ட கருவை நீக்குதல்; இந்தியாவில் அதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் உள. அவசரகாலக் கருத்தடை அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதன்று. பதிந்த கருவை இம்மாத்திரை ஒன்றும் செய்யாது. சொற்குழப்பம் எண்குழப்பத்திற்கும் இடந்தருகின்றது. எதனைச் செய்யும் மருந்து என்று அறியாதவர் அது எத்துணை செய்யும் என்பதனை அளவிட இயலாது.

'பின்னர்' செய்யும் முறைகள்

கூடலுக்குப் பின் கருவைத் தடுக்க முயல்வது புதிதன்று. உரோமப் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சொரேனஸ், பெண் உடனே எழுந்து முழங்கால்களை மடக்கி அமர்ந்து தும்ம வேண்டும் என எழுதிவைத்தார். நகைப்பிற்குரியதாகத் தோன்றினும் அதன் அடிப்படைக் கருத்து நெடுங்காலம் மாறவில்லை: உள்ளே சென்றதை வெளியேற்றிவிடலாம் என்பதே அது.

அக்கருத்தின் நவீன வடிவமே நீர்பீய்ச்சிக் கழுவும் முறை. அமெரிக்க மாசசூசெட்ஸ் மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832இல் வெளியிட்ட 'மெய்யியலின் கனிகள்' என்னும் சிறுநூல், படிகாரம் முதலியன கலந்த நீரைக் கூடலுக்குப்பின் பீய்ச்சுமாறு பரிந்துரைத்தது. அதற்காக அவர் மூன்று மாதம் கடுங்காவல் பெற்றார். 1877இல் இலண்டனில் சார்லஸ் பிராட்லாவும் அன்னிபெசன்டும் அதே நூலை மறுபதிப்புச் செய்து வழக்கிற்கு ஆளாயினர். தண்டனை பின்னர் சட்ட நுணுக்கம் ஒன்றால் நீங்கியது. 1880களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' இதழை நடத்திய சுதந்திரச் சிந்தனையாளர் வட்டம் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்புடையது. பெசன்டோ பிரம்மஞானத்தைத் தழுவியபின், மக்கட்பெருக்கம் பற்றித் தாமே எழுதிய நூலை 1891இல் விற்பனையினின்று விலக்கிக்கொண்டு, 1893இல் இந்தியா வந்தார். அடையாற்றுப் பெசன்டை அறிந்த தமிழர் பலர் இவ்வழக்கினை நினைவுகூர்வதில்லை.

நோல்டன் முறையின் நம்பகத்தன்மை யாது? அவர் உறுதிகூறினார், எண்ணிப் பார்க்கவில்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயின் சளிப்படலத்துள் புகுந்துவிடுகின்றன. கழுவும் நீர் அங்குச் செல்வதில்லை. எனவே நூலுக்காகச் சிறை சென்றவர் பரிந்துரைத்த முறை பெரிதும் பயனற்றது. கருத்துரிமை வரலாற்றில் அந்நூலுக்குரிய இடம் இதனால் குறைந்துவிடுவதில்லை. ஆயின் அதனை நம்பிய பெண்களின் கணக்கு எங்கும் பதிவாகவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

கருமுட்டை மாதவிடாய்ச் சுழற்சியின் எந்நாளில் வெளிப்படுகின்றது என்பதனை 1920களில் ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் கினாஸும் தனித்தனியே கண்டறிந்த பின்னரே, 'கருவுறும் வாய்ப்பு' என்பது கணக்கிடத்தக்க ஒன்றாயிற்று.

ஆயிரம் பெண்களும் ஒரு சுழியும்

1960களின் நடுவில் நெதர்லாந்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான 13 அகவைச் சிறுமி ஒருத்திக்கு மருத்துவர்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மிகுந்த அளவில் கொடுத்தனர். கூடலுக்குப்பின் ஹார்மோன் கொடுத்ததாகப் பதிவான தொடக்க நிகழ்வாக இது சுட்டப்படுகின்றது. கால்நடை மருத்துவத்தில் அம்முறை முன்னரே வழக்கில் இருந்தது. இத்துறையின் நவீன வரலாறு ஒரு குழந்தையின் துன்பத்தில் தொடங்குகின்றது என்பதனை மருத்துவ நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மோரிஸ், கெர்ட்ரூட் வான் வாகனன் ஆகியோர் 1966இல் குரங்குகளிடத்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். அதன்பின் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் 'மறுநாட்காலை மாத்திரை'யாகப் பரவிற்று. 1971இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் லூசில் குச்செரா, அதனை உட்கொண்ட 1000 பெண்களுள் ஒருவரும் கருவுறவில்லை என அறிவித்தார்.

சுழி என்பது கவர்ச்சிமிக்க எண். ஆனால் அந்த ஆயிரவருள் மருந்தின்றியே கருவுறாது இருந்திருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்ற வினாவிற்கு அது விடை கூறாது. மருந்து பெற்றவர்கள் முறையாகப் பின்தொடரப்படவில்லை என்ற கண்டனமும் பின்னர் எழுந்தது. அதே 1971இல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் உடனாய்வாளரும், கருவுற்ற காலத்தில் அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் மகள்களிடத்து அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவதனைக் கண்டறிந்தனர். அம்மருந்தின் புகழ் அத்துடன் சரியத் தொடங்கியது.

கனடா நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பி 1974இல் வெளியிட்ட முறை, வழக்கமான கருத்தடை மாத்திரைகளில் உள்ள இரு ஹார்மோன்களையே பயன்படுத்திற்று. 72 மணி நேரத்திற்குள் முதல் வேளையும், 12 மணி நேரம் கழித்து இரண்டாம் வேளையும் உட்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் இதுவே வழக்கில் இருந்தது. உட்கொண்டோருள் பாதிப்பேர் குமட்டலுக்கு உள்ளாயினர்.

வகுக்கும் எண்ணைத் தேடி

ஒரு மருந்தின் பயனை அறிய, அதனைப் பெற்றவரையும் வெறும் மாத்திரை பெற்றவரையும் ஒப்பிடுவதே நேரிய வழி. கருவுற அஞ்சி வந்த பெண்ணுக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்தல் அறமன்று. ஆதலின் அவசரக் கருத்தடைக்கு அத்தகைய ஒப்பீடு இல்லை. இதன் விளைவாக நம்பகத்தன்மை என்பது நேரே அளக்கப்பட்ட எண்ணாக அமையாமல், மதிப்பிடப்பட்ட எண்ணாகவே அமைந்தது.

மதிப்பீட்டு முறை எளிது. ஒவ்வொரு பெண்ணிடமும் கூடல் நிகழ்ந்த நாள் கேட்கப்படும். அந்நாள் கருமுட்டை வெளிப்படும் நாளுக்கு எத்துணை அணுக்கம் என்பதனைக் கொண்டு, மருந்தின்றி இருந்தால் எத்தனை கருவுறல்கள் நிகழ்ந்திருக்கும் எனக் கணிக்கப்படும். உண்மையில் நிகழ்ந்தவற்றை அவ்வெதிர்பார்ப்போடு ஒப்பிடுவர். ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கருவுறும் நாள்கள் ஆறே என்றும், அவை முட்டை வெளிப்படும் நாளோடு முடிகின்றன என்றும் காட்டிற்று. ஐந்து நாள் முன்னர் பத்தில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, முட்டை வெளிப்படும் நாளில் மூன்றில் ஒன்றாகின்றது.

இனி 75 என்னும் எண்ணை நோக்கலாம். சுழற்சியின் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் நூறு பெண்கள் ஒருமுறை பாதுகாப்பின்றிக் கூடின், ஏறத்தாழ 8 பேர் கருவுறுவர். அனைவரும் யூஸ்பி முறையைக் கைக்கொண்டால் 2 பேர் கருவுறுவர். எட்டு இரண்டாயிற்று, குறைந்தது 75 விழுக்காடு. 'நூற்றுக்கு 25 பேருக்குத் தோல்வி' என்ற வாசிப்பு உண்மையைவிடப் பன்மடங்கு அச்சுறுத்துவது. 'நூற்றுக்கு 98 பேருக்கு வெற்றி' என்ற வாசிப்போ, எவ்வாறாயினும் கருவுற்றிராத 92 பேரையும் மருந்தின் கணக்கில் சேர்த்துவிடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பதே ஆய்வாளர் கூறும் எண். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டிரசல் இவ்வேறுபாட்டினை விளக்குவதற்குப் பல்லாண்டு உழைத்தார்.

உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் ஒற்றை ஹார்மோனை 0.75 மில்லிகிராம் அளவில் இருவேளை பெற்ற 976 பெண்களுள் 11 பேரும், யூஸ்பி முறையில் 979 பேருள் 31 பேரும் கருவுற்றனர். எதிர்பார்க்கப்பட்டவற்றுள் முன்னது 85 விழுக்காட்டையும் பின்னது 57 விழுக்காட்டையும் தடுத்ததாகக் கணிக்கப்பட்டது. குமட்டலும் வாந்தியும் முன்னதில் மிகக் குறைவு. யூஸ்பி முறை 75இலிருந்து 57க்கு இறங்கியமை நோக்கத்தக்கது. மருந்து மாறவில்லை, ஆய்வில் இடம்பெற்ற பெண்களும் கணிப்பும் மாறினர். 2002இல் 4000க்கு மேற்பட்ட பெண்களிடத்து நடந்த அடுத்த ஆய்வில், லெவோநார்ஜெஸ்ட்ரெல் இருவேளை முறையின் எண் 77ஆகவும், 1.5 மில்லிகிராமை ஒரே வேளையில் உட்கொள்ளும் முறையின் எண் 82ஆகவும் அமைந்தன.

கூடிய நாளையோ மாதவிடாய் நாளையோ பெண்கள் பிழையாக நினைவுகூர்ந்தால் வகுக்கும் எண் பிழையாகும். அது மிகையானால் மருந்தின் பெருமையும் மிகையாகும். இதனை உணர்ந்த எலிசபெத் ரேமண்ட் முதலியோர் 2004இல் வேறொரு வழியில் சென்றனர். யூஸ்பி முறைக்குப் பயனே இல்லை என வைத்துக்கொண்டாலும், அதனினும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் மேம்பட்டிருப்பதால், பின்னது குறைந்தது 49 விழுக்காடேனும் தடுக்க வேண்டும் என அவர்கள் நிறுவினர். இது விளம்பரத்திற்கு உதவாத எண். ஆயின் ஊகத்தின் துணை மிகக் குறைவாக நிற்கும் எண் இதுவே.

மணிக்கணக்கு

1998ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரெலை முதல் 24 மணி நேரத்தில் உட்கொண்டவர்க்கு 95, இரண்டாம் நாளில் 85, மூன்றாம் நாளில் 58 விழுக்காடு எனப் பயன் படிப்படியாகக் குறைந்தது. 12 மணி நேரத் தாமதம் கருவுறும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும் என மறு ஆண்டில் கணக்கிடப்பட்டது. உலகெங்கும் கையேடுகளில் இடம்பெற்ற மூன்று படிகள் இவையே.

ஆனால் அந்நிறுவனத்தின் நான்கு ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2011இல் நோக்கியபோது அப்படிகள் மறைந்தன. முதல் நான்கு நாள்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஐந்தாம் நாளில்தான் தோல்வி பன்மடங்கு பெருகிற்று. முந்தைய எண்கள் சிறு தொகையினரைப் பகுத்துப் பெற்றவை. இத்திருத்தம் முதற்படிகள் பரவிய அளவிற்குப் பரவவில்லை.

அவ்வாறாயின் விரைவு தேவையில்லையா? இதற்கு விடையளிப்பது 2011இல் சிலி நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. அவர்கள் பெண்ணின் சொல்லை மட்டும் நம்பாது, ஹார்மோன் அளவாலும் கேளா ஒலிப் படத்தாலும் முட்டை வெளிப்பட்ட நாளை அறுதியிட்டனர். முட்டை வெளிப்படுமுன் மாத்திரையை உட்கொண்ட 103 பெண்களுள் ஒருவரும் கருவுறவில்லை. 16 கருவுறல்கள் எதிர்பார்க்கப்பட்டிருந்தன. வெளிப்பட்ட நாளிலோ அதன்பின்னரோ உட்கொண்ட 45 பேருள் 8 பேர் கருவுற்றனர்; மருந்தின்றி இருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவினரே கருவுற்றிருப்பர். ஆக, 85 விழுக்காடு பயன் என்பது எல்லாப் பெண்ணுக்கும் பொதுவாகப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஒன்றன்று. ஒரு சாரார்க்கு மருந்து ஏறத்தாழ முழுமையாகப் பயன்பட்டது. மற்றொரு சாரார்க்குப் பயன்படவே இல்லை. சராசரி அவ்விரு சாராரையும் ஒன்றாக்கி மறைத்தது.

மாத்திரை கருமுட்டை வெளிப்படுதலைத் தள்ளிவைக்கின்றது. விந்தணுக்கள் ஐந்து நாள்வரை உயிரோடிருந்து பின் அழிகின்றன. முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் எழுச்சி தொடங்கிவிட்டால் தள்ளிவைக்க இயலாது. தொகைக் கணக்கில் மணிநேரம் மங்கினாலும், எழுச்சிக்கு முந்தைய இரவில் நிற்கும் ஒருத்திக்கு அதுவே எல்லாம். எழுச்சி எப்போது தொடங்கும் என்பது அவளுக்குத் தெரிவதில்லை. கரு பதிவதை மாத்திரை தடுக்கக்கூடும் என்ற நெடுங்காலக் குறிப்பினை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் உறையினின்று நீக்கியதற்கும் இத்தகைய சான்றுகளே காரணம்.

உடல் எடை மிக்க பெண்களிடத்துப் பயன் குறைகின்றது என்ற செய்தி 2011 முதல் பேசப்படுகின்றது. 2013இல் ஐரோப்பாவில் ஒரு மாத்திரையின் உறையில் 80 கிலோவிற்கு மேற்பட்டோர்க்குப் பயனில்லை என அச்சிடப்பட்டது. 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை, சான்று போதாது எனக் கூறி அதனை நீக்கச்செய்தது. இப்பொருள் இன்னும் முடிவுறவில்லை.

இந்தியாவில்

1930இல் மைசூர் அரசு கருத்தடை மருத்துவ நிலையங்களைத் திறந்தது. 1952இல் இந்தியா தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 'பின்னர்' உட்கொள்ளும் மருந்து ஒன்றிற்கான தேடலும் இங்கு நிகழ்ந்தது. இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழுவினர் 1960களில் உருவாக்கிய சென்ட்குரோமன், கூடலுக்குப்பின் கொடுக்கத்தக்கதாகவே முதலில் ஆராயப்பட்டது. பின் வாரத்திற்கொருமுறை உட்கொள்ளும் மாத்திரையாக மாறி 1991இல் 'சஹேலி' என்றும், 2016 முதல் அரசுத் திட்டத்தில் 'சாயா' என்றும் வழங்கலாயிற்று.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் குறித்துப் புதுதில்லியில் 2001இல் வல்லுநர் கூடி இணக்கம் கண்டனர். 2002இல் அது குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்தது. 2005இல் மருத்துவர் சீட்டின்றி விற்க இசைவு கிடைத்தது. 2007இல் 'ஐ-பில்' விளம்பரங்களோடு சந்தைக்கு வந்தது. 'அன்வான்டட்-72' என்னும் மாத்திரையோ யூஸ்பி காலத்து மணிக்கணக்கைத் தன் பெயரிலேயே தாங்கிற்று. ஓர் ஆய்வின் காலவரம்பு வணிகப்பெயராகும்போது, 71ஆம் மணியும் முதல் மணியும் ஒன்றே என்னும் எண்ணம் வேரூன்றுதல் எளிது.

தமிழ்நாட்டில் 2000களின் பிற்பகுதி தொட்டு மருந்துக்கடைகளில் இம்மாத்திரை பெரும்பாலும் கிடைப்பதில்லை என நாளிதழ்கள் பலமுறை எழுதின. தடையாணை ஏதுமில்லை என அலுவலர்கள் கூறியதையும் அவையே பதிவுசெய்தன. சட்டத்தில் சீட்டின்றிப் பெறத்தக்க மருந்து, நடைமுறையில் சீட்டிருந்தும் கடைகடையாய்த் தேடத்தக்கதாயிற்று. எல்லைப்புற ஊரினர் அண்டை மாநிலத்திற்குச் சென்று வாங்க இயலும். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்க்கு அது அரிது. ஆய்வகத்தில் 85ஆக இருந்த எண், தேடி அலைந்த மணிநேரங்களைக் கழித்தபின் எவ்வளவாக நின்றது என்பதனை எந்த ஆய்வும் அளந்ததில்லை. கிடைத்தல் என்பது நம்பகத்தன்மைக்குப் புறம்பானதன்று. அதன் பகுதியே ஆகும்.

எளிதிற் கிடைக்கச் செய்தால் கருக்கலைப்புகள் பெருமளவு குறையும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை என்பதனை ஈண்டுக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ரேமண்ட், டிரசல், போலிஸ் ஆகியோர் 2007இல் 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பயன்பாடு கூடியது, மக்கள்தொகை அளவில் கருவுறல் விகிதமோ கருக்கலைப்பு விகிதமோ குறையவில்லை. தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் பெண்கள் உட்கொள்வதில்லை. ஒருமுறை உட்கொண்டபின் அதே சுழற்சியில் மீண்டும் பாதுகாப்பின்றிக் கூடுதலும் உண்டு. இம்முடிவைக் கொண்டு மாத்திரை பயனற்றது என்போர், ஒருத்தியின் கணக்கையும் ஒரு நாட்டின் கணக்கையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

இவையனைத்தினும் நம்பகமானது வேறொன்று. கூடலுக்குப்பின் ஐந்து நாளுக்குள் செப்புக் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தும் முறையை 1976இல் ஜாக் லிப்பஸ் முதலியோர் வெளியிட்டனர். 2012இல் 42 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஆயிரவருள் ஒருவருக்கும் குறைவாகவே அது தோற்றமை தெரிந்தது. செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்வதால் முட்டை வெளிப்பட்ட நாளைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் 'காப்பர்-டி' விலையின்றிப் பொருத்தப்படுகின்றது. மகப்பேற்றுக்குப் பின்னர் பொருத்துவதாகவே மக்கள் அதனை அறிவர். அதற்கு விளம்பரமும் இல்லை, கவர்ச்சியான பெயரும் இல்லை.

2012ஆம் ஆண்டுத் தில்லிக் கொடுமைக்குப் பின், வன்முறைக்கு ஆளானோர்க்கு விலையின்றி உடனடி மருத்துவம் அளித்தல் 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மருத்துவமனைகளின் கடமையாயிற்று. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், சான்று திரட்டலோடு அவசரக் கருத்தடையையும் சிகிச்சையின் பகுதியாக்கின. காவல்நிலையத்தில் முறையீடு பதிவாகும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. நெதர்லாந்துச் சிறுமிக்கு ஒரு மருத்துவர் தம் துணிவால் செய்தது, ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்து இந்திய மருத்துவமனை ஒவ்வொன்றிற்கும் எழுத்தில் வந்தது.